பெனரைக் கழட்டிட்டு பதிவேட்டைக் காட்டுங்க

போன மாசம் ஒரே படம் மூணு வாட்ஸ்அப் குரூப்பில் எனக்கு வந்தது. தோட்டத்து லயத்துக்கு ஏறுற பாதையில் கொஞ்சத் தூரத்துக்கு கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். ரிப்பன் கட்டி, குத்துவிளக்கு வைத்து, பெனர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெனரில் பிரதேச சபையின் சின்னம், ஒரு தொண்டு நிறுவனத்தின் சின்னம், ஒரு கம்பனியின் சின்னம், அது போக நாலு பேரின் முகம். கீழே 'மக்கள் சேவையில் கைகோர்ப்போம்' என்று பெரிய எழுத்தில். படத்தில் நிற்கிறவர்களை வரிசையாகப் படுக்க வைத்தால் கொங்கிரீட் போட்ட தூரம் முடிந்துவிடும். அதுக்கு அங்கிட்டு பழைய செம்மண்ணும் கல்லும்தான்.

எந்தச் சபை, எந்தத் தோட்டம் என்று எழுதப் போறதில்ல. மலையகத்தில் எந்தப் பக்கம் போனாலும் இதே படம் கிடைக்கும். முகம் மட்டும்தான் மாறும்.

குரூப்பில் எல்லாரும் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன்: "இந்தப் பாதை இப்ப சபையோட வீதிப் பதிவேட்டில் இருக்கா?" அவ்வளவுதான். "செய்றவங்களையும் செய்ய விடமாட்டீங்க", "படிச்ச திமிரு", "நீ ஒரு மூட்டை சீமெந்து குடுத்தியா?" என்று வரிசையாக வந்தது. சீமெந்து குடுக்கல்ல, உண்மைதான். ஆனா அந்தக் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல்ல. அதனால இங்கே கொஞ்சம் நீளமாகவே கேட்கிறேன்.

நான் லுணுகலைப் பக்கத்து ஆள். பதுளையிலிருந்து பசறை தாண்டி பிபிலைக்கு இறங்குகிற ஏ5 வீதியில் இருக்கிற சின்ன டவுன் எங்களுடையது. சுற்றி ஹொப்டன், அடாவத்தை என்று தேயிலைத் தோட்டங்கள். மலையக டவுன் எதுலயும் போய்ப் பாருங்க, ஒரு விஷயம் தெரியும். டவுனுக்குள்ள சபை கண்ணுக்குத் தெரியும். குப்பை ட்ரக்டர் வரும், லைட் போஸ்ட் எரியும், சந்தை இருக்கும், நூலகம் இருக்கும். டவுன் முடிஞ்சு தோட்டத்துப் பாதை தொடங்குற இடத்தில் சபையும் முடிஞ்சிடும். அங்கே கோடு எதுவும் கீறி வைக்கல்ல. ஆனா நம்ம கால் அதைக் கண்டுபிடிச்சிடும், தார் போய் கல் வரும்.

இந்தக் கோட்டை யார் போட்டது என்று எங்க தலைமுறைக்குச் சரியாகச் சொல்லித் தரப்படல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டம் தொடக்கத்திலேயே சபையின் வேலை என்ன என்று சொல்லுது: தன் எல்லைக்குள் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள், மக்களின் வசதி, நலன் எல்லாத்துக்கும் சபை பொறுப்பு. தோட்டம் சபையின் எல்லைக்குள்ளதான் இருக்கு. ஆனா அதே சட்டத்தின் 33ஆவது பிரிவு எழுதப்பட்டிருந்த விதத்தில், தோட்டக் குடியிருப்புக்குள் சபை தன் காசைச் செலவழிக்க வழியில்லாமல் போச்சு. தோட்டம் தனியார் இடம், அங்கே கைவைத்தால் கணக்காய்வில் மாட்டிக்கொள்வோம் என்று முப்பது வருஷம் சொன்னார்கள். 1948இல் குடியுரிமை போன சனம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரைக்கும் எத்தனையோ பேர் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சபையும் இல்லாமல் போனதை யாரும் பெரிய அதிசயமாகப் பார்க்கவில்லை.

2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். தோட்டங்களை நடத்துகிற கம்பனிகளோடு கலந்தாலோசித்து, தோட்டத்துக்குள் பாதை, கிணறு, மற்றப் பொது வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம் என்று ஆச்சு. பட்டாசு கொளுத்தினார்கள். ஒவ்வொரு கட்சியும் தான்தான் கொண்டு வந்தது என்று போஸ்டர் அடித்தது. அதோடு சரி. சட்டம் மாறினது சபைகளின் சுவரில் தெரிஞ்ச அளவுக்கு வரவு செலவுத் திட்டத்தில் தெரியல்ல.

என் சின்னம்மா வாழ்க்கைப்பட்டது ஊவாவிலேயே வேற ஒரு பக்கம். அங்கே அவங்க மாமியார் செத்த அன்னைக்கு மழை. பிரேத வண்டி பிரட்டுக்களம் வரைக்கும்தான் வந்தது, மேல ஏறல்ல. பெட்டியைக் கயிறு கட்டி ஆறு பேர் சேர்ந்து லயத்திலிருந்து இறக்கினோம். ஒருத்தன் வழுக்கி விழுந்து முழங்கால் பிளந்துபோச்சு. காரியம் எல்லாம் முடிஞ்ச பிறகு நானும் சித்தப்பாவும் சபைக்குப் போனோம். உள்ளே இருந்தவர் மரியாதையாத்தான் பேசினார். "தம்பி, அது தோட்டத்துப் பாதை. தொரைகிட்ட எழுதிக் கேளுங்க." தோட்டத்து ஒபீஸுக்குப் போனோம். அங்கே இருந்தவரும் மரியாதையாத்தான் பேசினார். "இப்பதான் சட்டம் மாறிட்டே, அதெல்லாம் சபையோட வேலை." ரெண்டு மரியாதைக்கு நடுவில் ஒரு வருஷம் போச்சு. அடுத்த தேர்தல் நெருங்கினப்போ அதே பாதையில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கொங்கிரீட் விழுந்தது. ஒரு பெயர்ப் பலகையும் நட்டார்கள். சித்தப்பா சொன்னார், "பாதைக்குப் போட்ட கொங்கிரீட்ட விட பலகைக்குப் போட்டது நல்லா நிக்கிது." இன்னைக்கும் நிக்கிது.

இந்த இடத்தில்தான் 'கலந்தாலோசித்து' என்கிற ஒரு சொல் எங்களை மாட்டி வைக்குது. கலந்து பேசுறது வேற, அனுமதி வாங்குறது வேற. சட்டம் கேட்பது பேசச் சொல்லி. ஆனா நடைமுறையில் கம்பனியின் கடிதம் இல்லாமல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளக்கவே வரமாட்டார். கொஞ்சம் யோசிங்க. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது, பிறகு 53 வருஷக் குத்தகை. நிலம் இன்னும் அரசாங்கத்துடையது. சபையும் அரசாங்கத்தின் ஒரு கை. அப்ப என்ன நடக்குது? வீட்டுக்காரன் தன் வீட்டுக் கூரையின் ஓட்டையை அடைக்கிறதுக்குக் குடியிருக்கிறவனுடைய கடிதத்துக்காக வாசலில் நிற்கிறான். உள்ளே நனையிறது ரெண்டு பேருமே இல்ல.

இன்னொரு பேச்சு இருக்கு. "நீங்க வரி கட்டுறதில்ல, பிறகு எப்படி சேவை கேட்கிறீங்க?" டவுன் கடைக்காரர் சிலர் சொல்வார்கள், சில உறுப்பினர்களும் சொல்வார்கள். லயத்துக் காம்பரா எங்க பேரில் இல்ல. உறுதி இல்லாத வீட்டுக்கு எப்படி வரிப்பத்திரம் வரும்? உறுதியைக் கொடுங்க, வரியைக் கேளுங்க. அதுவரைக்கும், பெரிய தோட்டக் காணிகளுக்கு ஏக்கர் வரி விதிக்கிற அதிகாரம் சபைக்குச் சட்டத்திலேயே இருக்கு. அந்த ஏக்கரில் கொழுந்து எடுப்பது யார்? டவுன் கடைகளிலிருந்து சபைக்குப் போகும் வாடகையும் உரிமக் கட்டணமும் யார் வாங்குகிற சீனி, மாவு, பருப்பிலிருந்து வருது? சம்பள நாளில் தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்கல்லன்னா எத்தனை கடை திறந்திருக்கும் என்று அதே கடைக்காரரைக் கேளுங்க. சபை உத்தியோகத்தர்களின் சம்பளத்துக்கு மேலிருந்து வருகிற மானியம் பொதுப்பணம்தானே, அதில் நாங்க ஒவ்வொரு சவர்க்காரத்துக்கும் கட்டுற வற் வரியும் இருக்கு.

எங்கள் தலையை எண்ண வேண்டிய இடத்தில் மட்டும் சரியாக எண்ணுகிறார்கள். 2018 தேர்தலுக்கு வட்டாரம் பிரித்தபோது லயங்களில் இருக்கிற சனத்தொகையையும் சேர்த்துத்தான் பிரித்தார்கள். நாடு முழுக்க 4,500க்குக் கிட்ட இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை அந்தத் தேர்தலோடு எட்டாயிரத்தைத் தாண்டினது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்று புது முறை, பெண்களுக்கு 25 வீதம் என்று நல்ல விதியும் வந்தது. கதிரை கூடினது, கொடுப்பனவு கூடினது. அந்தக் கதிரைகளில் எங்க ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லணும். தொழிற்சங்கத்தின் பேரில் போனவர்கள் சபையில் தோட்டத்துப் பாதையைப் பற்றிப் பேசினதைவிட, அந்தப் பாதையின் கொந்தராத்து யாருக்கு என்று பேசினது கூட என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எல்லாரையும் சொல்லல்ல. ஆனா சொல்லாமலும் விட முடியல்ல.

பிறகு அந்தக் கதிரையும் இல்லாமல் போச்சு. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் காசு இல்லை என்று நிறுத்தப்பட்டது. அதே மாசம் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6இல் தேர்தல் நடக்கிற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல சபைகள் உத்தியோகத்தர்கள் கையில். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்தில்தான் இந்த 'கூட்டுச் செயற்பாடு' எல்லாம் நல்லா வளர்ந்தது என்பது என் எண்ணம். தட்டிக் கேட்க உறுப்பினர் இல்லை, சபையிடம் காசும் இல்லை. தொண்டு நிறுவனம், வங்கி, கம்பனியின் சமூகப் பொறுப்பு நிதி என்று யார் வந்தாலும் வாசல் திறந்தது. இப்ப புதிய சபைகள் வந்துவிட்டன, 'கிளீன் ஸ்ரீலங்கா' பெனரும் வந்துவிட்டது. பழக்கம் மட்டும் மாறல்ல.

தப்பா எடுக்காதீங்க, உதவி வேண்டாம் என்று சொல்லல்ல. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது நம்ம மாவட்டத்துக்கு முன்பின் தெரியாத சனம் லொறியில் சாமான் கொண்டு வந்தது. அந்தச் சோற்றுக்கு நான் கும்பிடுகிறேன். மண் சரிஞ்ச அன்னைக்கு வருகிற சோறு உதவி. ஆனா 365 நாளும் நடக்கிற பாதை, குடிக்கிற தண்ணி, அள்ளப்படாத குப்பை உதவி கணக்கில் வருமா? சபை தன் கடமையை யாரோ ஒருத்தருடைய தர்மமாக மாத்திவிட்டால் அடுத்த வருஷம் அதைக் கேட்க எங்களுக்கு வாய் இருக்காது. தர்மம் கொடுத்தவரிடம் போய் "பைப் உடைஞ்சிட்டு" என்று எப்படிச் சொல்வது? கொடுத்த தொண்டு நிறுவனத்தின் திட்டம் முடிஞ்சிருக்கும், ஆள் மாறியிருக்கும். சபையிடம் போனால் "அது எங்க பதிவில் இல்ல." நான் சொன்ன அதே சின்னம்மாவின் தோட்டத்தில் கறுப்புத் தண்ணி டேங்க் ரெண்டு அப்படி நிற்குது. பைப் இல்ல. ஒன்றில் கோழி அடைக்கிறார்கள். சனம் இன்னும் பீலியில்தான் குளிக்குது.

பெரிய கூட்டுத் திட்டங்களிலும் இதே ஓட்டைதான். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடு, பிறகு 10,000 வீடு என்று வந்தது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்பது எங்க பாட்டன் கனவு காணாத விஷயம். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனா வீட்டைக் கட்டி, 'புரம்' என்று பேர் வைத்து, சாவி கொடுத்து, எல்லாரும் இறங்கிப் போன பிறகு அந்தப் புரத்தின் உட்பாதை யாருடையது? மழை நீர் ஓடுற கான் யாருடையது? தோட்டம் "அது இப்ப லயம் இல்ல, கிராமம்" என்று சொல்லும். சபை "இன்னும் பாரம் எடுக்கல்ல" என்று சொல்லும். புது வீட்டுக்குப் பழைய வியாதி.

பாரம் எடுக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம மாவட்டத்தில் தூரம் போகத் தேவையில்ல. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்கள் மேல் விழுந்தது. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, கடிதம் இருந்தது. சனத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேற இடத்தில் வைக்க வேண்டியது யார் என்பதுதான் செத்த பிறகும் தெரியல்ல. தோட்டத்தைக் கை காட்டினார்கள், அரசாங்கத்தைக் கை காட்டினார்கள், "சொன்னோம், சனம் போகல்ல" என்று சனத்தையும் காட்டினார்கள். பிறகு 75 வீடு கட்டிக் கொடுக்கப்பட்டது. மண்ணுக்குள்ள போனவங்களுக்கு அது எதுக்கு?

இன்னொன்றையும் சொல்லணும். 2021 மார்ச் 20இல் லுணுகலையிலிருந்து கொழும்புக்குக் கிளம்பின பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்ததை எங்க ஊர் மறக்கல்ல. பத்துப் பேருக்கு மேல போனார்கள். வீதியை அடைத்துக் கிடந்த பாறையைப் பற்றி அதுக்குப் பிறகுதான் நாடு முழுக்கப் பேச்சு. அது சபையின் வீதி இல்ல என்பது எனக்குத் தெரியும், பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அதனால் சபையை அதுக்காகக் குற்றம் சொல்லல்ல. ஆனா ஒன்றைக் கவனிங்க. அந்த வீதிக்குப் பதிவு இருக்கு, பொறுப்பான திணைக்களம் இருக்கு. அதனால் கேள்வி கேட்க முடிஞ்சது. லயத்துப் பாதையில் பெட்டியோடு வழுக்கி விழுந்தவன் யாரைக் கேட்பான்?

சபைகள் சொல்கிற ஒரு பதிலில் நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கொள்கிறேன். காசு இல்ல. எங்களைப் போன்ற சின்ன டவுன் சபைக்கு தொழிற்சாலை வரியா, ஹோட்டல் வரியா? சந்தையும் கடை வாடகையும்தான். சரி. காசு இல்லன்னா செய்ய முடியாது. ஆனா எழுதலாமே? வீதிப் பதிவேட்டில் ஒரு பாதையின் பேரையும் நீளத்தையும் எழுத எத்தனை மூட்டை சீமெந்து வேணும்? எழுதினால் அது வருஷா வருஷம் வரவு செலவுத் திட்டத்தில் தலை நீட்டும். இந்த வருஷம் செய்யல்லன்னா ஏன் செய்யல்ல என்று கேட்கலாம். மாகாண சபையிடமும் அமைச்சிடமும் காசு கேட்கும்போது "எங்களிடம் இத்தனை கிலோமீட்டர் இருக்கு" என்று சபையே காட்டலாம். எழுதாமல் பெனர் மட்டும் பிடித்தால் சபைக்கும் நல்லது இல்ல, அடுத்த வருஷமும் யாரிடமாவது கை நீட்டணும்.

கூட்டு என்று வாய் நிறையச் சொல்கிறார்களே, சட்டத்திலேயே ஒரு நல்ல கூட்டு இருக்கு. சபை தன் வேலைகளுக்குக் குழுக்கள் அமைக்கணும்: நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும். அந்தக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர் ஆட்களையும் சேர்க்கலாம். சின்னம்மா மாதிரி ஒருத்தர், கொழுந்துக் கூடையோடு தினமும் அந்தப் பாதையில் இறங்குகிறவர், தொழில்நுட்ப சேவைக் குழுவில் ஏன் உட்காரக் கூடாது? எந்த வளைவில் தண்ணி நிற்கும், எங்கே கல் உருளும் என்று அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்குத் தெரியும்? பிள்ளைமடுவத்து ஆயம்மா ஏன் சுற்றாடல் குழுவில் இருக்கக் கூடாது? இதுக்கு பெனரும் வேணாம், வெளிநாட்டுக் காசும் வேணாம். கூட்டத்தை வேலை நாள் காலையில் வைக்காமல், பேர் போட்டுட்டுப் போகிற சனத்துக்கு வர முடிகிற நேரத்தில் வைக்கணும், அவ்வளவுதான். கூட்டக் குறிப்பு தமிழிலும் வேணும். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் நமக்கு உரிமை கொடுத்திருக்கு. சிங்களத்தில் வந்த பதிலை வாசிக்க ஆள் தேடிக்கொண்டு டவுனில் கடை கடையா ஏறினது எங்க அப்பாவோடு போகட்டும்.

நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்தது. அதில் கேட்கிற எங்களைப் போன்ற பொடியன்களுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் கொடுக்கிறாரா இல்லையா என்று முடிவு சொல்லணும். கேள்வி மூணுதான். சபையின் வீதிப் பதிவேட்டில் தோட்டக் குடியிருப்புப் பாதைகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர்? 2018 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியிலிருந்து ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? வெளியாரோடு சேர்ந்து செய்த வேலைகளில் பராமரிப்புப் பொறுப்பு யாருக்கு என்று எழுதின ஒப்பந்தம் இருக்கா, இருந்தால் பிரதி?

தமிழில் எழுதி, சித்தப்பாவின் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். கையெழுத்துப் போட முதல் அவர் ரெண்டு தரம் வாசித்தார். "இதுல கொங்கிரீட் போட்டுத் தாங்கன்னு எங்கயும் எழுதல்லியே?" என்று கேட்டார். இல்ல சித்தப்பா, எழுதல்ல என்றேன். பேனையை வாங்கிப் போட்டார். பற்றுச்சீட்டு என் பையில் இருக்கு. இன்னையோட ஒன்பது வேலை நாள் ஆச்சு. 14 நாள் தாண்டினால் மேன்முறையீடு, அதுவும் தாண்டினால் கொழும்பில் ஆணைக்குழு. பதில் வந்தால் எண்களோடு இங்கேயே போடுகிறோம். உங்க தோட்டத்திலிருந்தும் இதே மூணு கேள்வியை உங்க சபைக்கு அனுப்பினால் பிரதி ஒன்றை எங்களுக்கும் அனுப்பி வைங்க.